பெற்றோர் ஆசிரியர் கழகத்தால் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளிக்கு உண்மையில் என்ன பயன், வசூலைத் தவிர?

கேள்வியில் "வசூலைத் தவிர" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகு சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

பையனை இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருப்பீர்கள். கழகத்தில் சேரச் சொல்லியிருப்பார்கள், ஏதோ ஒரு தொகையும் கேட்டிருப்பார்கள். வீட்டில் மாமனாரோ மச்சானோ, "கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துக்கு எதுக்குக் காசு, அதெல்லாம் தின்னுபோடுவாங்க" என்று சொல்லியிருப்பார். எங்கள் பக்கம் இப்படித்தான் ஆரம்பிக்கும், அதனால் சொல்கிறேன்.

நான் காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் ஒரு கிராமம். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். பெரியவள் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாவது முடித்து வெளியே போய்விட்டாள், சின்னவன் அங்கேதான் நான்காவது. கழகத்துக்கு நான் பொருளாளர். எந்தக் கட்சியிலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது வந்து கேட்பார்கள்.

வசூலை முதலில் முடித்துவிடுகிறேன். அரசுத் தொடக்கப்பள்ளியில் உங்களை யாரும் கட்டாயப்படுத்திப் பணம் வாங்க முடியாது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்றுதான் சொல்கிறது. விருப்பப்பட்டால் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். தலைமையாசிரியர்தான் கழகத்துக்குச் செயலாளர். எங்கள் கணக்கில் அவரும் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம். தின்னுபோடுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது என்பது பொருளாளருக்குத் தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு வேறு, பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு. குழு என்பது அதே 2009 சட்டத்தில் வந்தது. அதில் முக்கால்வாசிப் பேர் அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். 2024இல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். கழகம் அதற்கும் ரொம்ப முந்தியது. ஊரில் பெரிய மனுஷர்கள் கழகத்தில்தான் இருப்பார்கள், பிள்ளை பேரன் அங்கே படிக்காவிட்டாலும். எங்கள் ஊரில் இரண்டிலும் ஓடியாடுவது அதே நாலு பெண்கள்தான் என்பதால், நான் இங்கே கழகம் என்று சொல்வதில் இரண்டும் அடக்கம். சட்டம் தெரிந்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. கொங்குப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கேட்டால் கிடைத்துவிடும். ஆள் கேட்டால்தான் கிடைக்காது.

எங்கள் பள்ளிக்குக் கல்விச்சீர் கொண்டுபோனோம். தாய்மாமன் சீருக்குப் போவது மாதிரிதான். தவில், நாதஸ்வரம், தாம்பாளத்தில் தேங்காய் பழத்துக்குப் பக்கத்தில் நோட்டும் பென்சிலும் தண்ணீர் பாட்டிலும். பின்னால் சின்ன யானை வண்டியில் பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, ஃபேன், ஒரு பெரிய டி.வி. கோயிலிலிருந்து பள்ளி வரைக்கும் ஊரே நடந்தது. நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தட்டு தூக்கினேன், பெருமையாகத்தான் இருந்தது. காமராஜர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தி, ஜனங்களையே கட்டடமும் பெஞ்சும் கொடுக்க வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை என்று சந்தோஷப்படலாம்.

ஆனால் அந்த ஃபேன் றெக்கை மூன்றிலும் உபயம் போட்டுப் பேர் எழுதியிருக்கிறது. பீரோவில் எழுதியிருக்கிறது. டி.வி.க்கு மேலே ஒரு பலகையே இருக்கிறது. பினாயிலுக்கு உபயம் எழுத முடியாதே. கழிப்பறை கழுவ வருகிற அக்காவுக்குச் சம்பளம் மாசக்கணக்கில் நிற்கும்போது, கையில் ஏதாவது கொடுத்து "அடுத்த வாரமும் வந்துருங்கக்கா" என்று சொல்கிற காசுக்கு எங்கே பேர் எழுதுவது? பள்ளி மானியம் என்று வருஷத்துக்கு ஒரு தொகை வரும். 31 முதல் 100 பிள்ளைகள் வரை இருக்கிற பள்ளிக்கு 25,000 ரூபாய். சாக்பீஸ், குழாய் ரிப்பேர், துடைப்பம், பதிவேடு எல்லாம் அதற்குள்தான். அதற்கு மேல் ஆகிறதைக் கழகம்தான் பார்க்கிறது. நீங்கள் கொடுக்கிற நூறு இருநூறு பெரும்பாலும் இப்படித்தான் போகும். எங்கள் பள்ளியில் இப்படித்தான் போகிறது.

சரி, பணத்தை விடுங்கள். ஆள் எதற்கு என்று சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் 40 சொச்சம் பிள்ளைகள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பதே பெரும்பாடு. அதில் ஒரு டீச்சரை மாற்றுப்பணி என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். காலாண்டுப் பரீட்சை வந்தது, போனது, டீச்சர் வரவில்லை. பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியர், ஒருத்தரே ஒன்றாம் வகுப்புக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட வேண்டும். நடுவில் சத்துணவுக் கணக்கு, ஆன்லைன் பதிவு, ஆபீஸிலிருந்து போன். அவர் மீட்டிங்குக்குப் போகிற நாளில் பிள்ளைகளை யார் பார்ப்பது? இரண்டு வீட்டில் டி.சி. கேட்டுவிட்டார்கள். மெட்ரிக் பள்ளி வேன் எங்கள் தெருவுக்கே வந்து ஹாரன் அடிக்கிறது, கேட்கமாட்டார்களா?

இங்கே ஒன்று புரிந்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம் செய்வார்கள். பிள்ளைகள் குறைந்தால் இருக்கிறவரையும் உபரி என்று பணி நிரவலில் வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். டீச்சர் இல்லாததால் பிள்ளைகள் போவார்கள், பிள்ளைகள் போனதால் டீச்சர் வரமாட்டார்.

இதைப் பெரிய டீச்சர் கேட்க முடியாது. அவர் அரசு ஊழியர், மேலே இருப்பவர்கள் போட்ட உத்தரவு. நாங்கள் கேட்கலாம். நான் போய், "ஏனுங்க டீச்சர், நாங்க மனு குடுத்தா உங்களுக்கு ஏதாச்சும் பிரச்சினை வருமுங்களா?" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டை விரித்து என் பக்கமாகத் திருப்பி மேஜையில் வைத்தார். "நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல அம்மிணி" என்று சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். மணி அடிக்க ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான், அன்றைக்கு அவரே போனார். வகுப்புவாரியாக எண்ணிக்கையை எழுதிக்கொண்டேன்.

என் தையல் மேஜையில் வைத்துத்தான் மனு எழுதினோம். "பொருள்: ஈராசிரியர் பள்ளியில் ஓராசிரியர் மட்டும் பணிபுரிவது தொடர்பாக." பக்கத்து வீட்டு அக்காவின் மகள் காலேஜ் படிக்கிறாள், அவள் சட்டத்தின் பிரிவைப் போட்டுத் திருத்திக் கொடுத்தாள். கழகத் தலைவரிடம் கையெழுத்து வாங்கப் போனேன். தேங்காய்க் களம் வைத்திருக்கிறவர், டி.வி. அவருடைய உபயம்தான். "எதுக்குங்க அம்மிணி ஆபீசருங்களப் பகைச்சுக்கறது? வேணும்னா ஒரு டீச்சரப் போட்டுக்கலாம், சம்பளம் நான் குடுக்கறேன்" என்றார். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் கழகத்தில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துவிட்டால், இங்கேதான் டீச்சர் இருக்கிறாரே என்று அந்த இடத்தை அப்படியே மறந்துவிடமாட்டார்களா? நிறைய ஊரில் கழகச் சம்பளத்தில் டீச்சர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். அந்த டீச்சர்களின் பொழப்பும் பாவம்தான். அவர் கையெழுத்துப் போடவில்லை. மற்றவர்கள் போட்டோம்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில், "தலைவர் வரலீங்களா?" என்றுதான் முதல் கேள்வி. பார்க்கலாம் என்றார்கள். பார்த்த மாதிரி தெரியவில்லை. அப்புறம் ஒரு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். ஐந்து பெண்கள், அதில் மூன்று பேர் பனியன் கம்பெனி. அந்த நாள் கூலி போச்சு. வாசலில் போலீஸ்காரம்மா பையைத் திறந்து பார்த்தார், தண்ணீர் பாட்டிலை மூடி கழற்றி மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் கொண்டுவந்திருப்போமோ என்று. எங்களில் ஒருத்தி, "டீச்சர் கேக்க வந்தமுங்க, தீக்குளிக்க வரலீங்க" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனுவைப் பதிந்து நம்பர் போட்ட சீட்டுக் கொடுத்தார்கள்.

முதலில் வாரத்தில் மூன்று நாள் என்று அந்த டீச்சரை அனுப்பினார்கள். பொங்கல் லீவு முடிந்து முழுசாக வந்துவிட்டார். எங்கள் மனுவால்தான் வந்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே வேறு ஆள் கிடைத்திருக்கலாம். டி.சி. வாங்கிய இரண்டு வீட்டில் ஒரு பிள்ளை திரும்பி வரவில்லை.

அடுத்த ஜூனில் நூல் மில் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும், பள்ளி என்றால் பணம் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அனுப்பாமல் இருந்தார்கள். ஏற்கெனவே எங்கள் பள்ளியில் மூன்றாவது படிக்கிற ஒரு ஒடியாப் பிள்ளைதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஒரு அம்மா ஏதோ கேட்டார். "ஃபீஸ் எவ்ளோன்னு கேக்குறாங்க." "ஒண்ணுமில்லைன்னு சொல்லு கண்ணு." சொன்னாள். அந்தம்மா திரும்ப அதையே கேட்டார். காலையில் சாப்பாடு, மத்தியானம் சாப்பாடு, புத்தகம், துணி என்று அந்தக் குட்டி விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் நம்பினார். பிறப்புச் சான்று இல்லையே என்று ஒருத்தர் தயங்கினார். வயசுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக்கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. இதைச் சொல்ல அங்கே ஒரு ஆள் நேரில் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆகஸ்ட் 1க்குள் எங்கள் எண்ணிக்கை நிமிர்ந்துவிட்டது.

காலை உணவைப் பற்றியும் ஒரு வரி. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. சமைப்பது மகளிர் குழு. எங்களில் யாராவது ஒருத்தி போய்ச் சாப்பிட்டுப் பார்ப்போம். உப்புப் பற்றி மகளிர் குழுவுக்கும் எங்களுக்கும் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது, எல்லாம் சொந்தக்காரர்கள்.

சொந்தக்காரர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. அரசு வருஷத்துக்கு நாலு செட் சீருடை இலவசமாகக் கொடுக்கிறது. நல்ல விஷயம், தைப்பதும் மகளிர் தையல் சங்கங்கள்தான். ஆனால் வருகிற அளவு எந்தப் பிள்ளைக்கும் சரியாக இருந்ததில்லை. டவுசர் இடுப்பில் நிற்காது, சட்டைத் தோள் முழங்கைக்கு வரும். உடனே பையோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "கழகத்துலதான இருக்கறீங்க, சும்மா புடிச்சுக் குடுத்துருங்க." கழகத்தில் இருந்தால் நூல் இலவசமா, கரண்டு இலவசமா? இருபது ரூபாய் கேட்டால் முகம் சுருங்குகிறது. அதே ஆள் கல்யாணத்துக்கு மாடல் ஜாக்கெட் தைக்க டவுனில் எவ்வளவு கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுகிறேன்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நீங்கள் ஏன் செய்கிறீர்கள்" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். அரசாங்கம்தான் செய்ய வேண்டும். செய்யாதபோது யார் போய்க் கேட்பது என்பதுதான் என் பேச்சு.

உங்களுக்குச் சொல்வது இதுதான். கட்டணம் கட்டுவதற்கு முன் முதல் கூட்டத்துக்குப் போங்கள். தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசித் தீர்மானம் எந்தத் தேதியில் இருக்கிறது, அதில் பொன்னாடை போர்த்தியது மட்டும் இருக்கிறதா, குழாய், டீச்சர், கழிப்பறை என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தக் கழகம் எப்படி என்று தெரிந்துவிடும். ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் ஒரு தீர்மானம் எழுதச் சொல்லி, நகலை வாங்கி வையுங்கள். வாயால் சொன்னால் ஆபீஸில் எடுபடாது. பையன் அங்கே படிக்கிற ஐந்து வருஷமும் உங்களுக்குக் கேட்கிற உரிமை உண்டு.

எங்கள் தலைவர் யார், எந்த ஊர் என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள். நோம்பி வருகிறது, அவர் வீட்டு ஜாக்கெட் நாலு என் மேஜையில் வெட்டாமல் கிடக்கிறது.