தட்டு ஏன் தொங்குகிறது? ஒயின் அடுக்கும் அலமாரிகள் பற்றிய கேள்விகள்

கேள்வி: பாகங்களாக வந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் அலமாரி வாங்கினோம். தட்டு 80 செ.மீ. அகலம், 28 செ.மீ. ஆழம், 16 மி.மீ. கனம், பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திய பலகை). ஒயின் பாட்டில்களை நிறுத்தி வைத்தோம். ஒரே மாதத்தில் நடுவில் தொங்கிவிட்டது. உடைந்து விழுமா?

பதில்: பாட்டில்களை இன்றே இறக்கி வையுங்கள். பிறகு கணக்குப் பார்க்கலாம். நிறைந்த 750 மி.லி. பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ இருக்கும். நுரைக்கும் ஒயினுக்குக் கண்ணாடி தடிமனாக இருப்பதால் 1.6 கிலோ வரை போகும். உங்கள் தட்டில் வரிசைக்குப் பத்து வீதம் மூன்று வரிசை நிற்கும். 30 பாட்டில், ஏறத்தாழ 40 கிலோ. இந்த எடைக்கு இந்தப் பலகை முதல் நாளே 1 செ.மீ. அளவுக்கு வளையும். பார்ட்டிகிள் போர்டு அதோடு நிற்காது, சுமை இருக்கும்வரை மெல்ல மெல்ல இன்னும் இறங்கும். எடையை எடுத்தாலும் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாது.

பலகை நடுவில் முறிவது அபூர்வம். கெடுவது ஓரம்தான். தட்டு தொங்கத் தொங்க அதன் இரண்டு முனைகளும் உள்பக்கம் இழுபடும். முனை உட்கார்ந்திருப்பதோ பக்கப் பலகைத் துளையில் செருகிய 5 மி.மீ. ஆணியின் மேல். ஆணி சாயும், துளை முட்டை வடிவமாகும், ஒரு மூலை நழுவும், மொத்த எடையும் கீழ்த் தட்டில் விழும். டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டின் முனைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே நகம் நுழைகிறதா? ஆணித் துளைக்குக் கீழே மாவு போலத் தூள் உதிர்ந்திருக்கிறதா? இருந்தால் அந்தத் துளையை மறுபடி நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. தட்டைத் திருப்பிப் போடுங்கள், வளைவு மேல்நோக்கி இருக்கட்டும். சரியாக நடுவில் அதே கனத்தில் ஒரு பலகையைச் செங்குத்தாக முட்டுக்கொடுங்கள். 80 செ.மீ. தாங்கும் இடத்தில் இப்போது 40, 40 என்று இரண்டாகிறது. வளைவு 1 மி.மீ.க்கும் குறைந்துவிடும். முட்டுகள் எல்லாத் தட்டிலும் ஒரே நேர்கோட்டில் தரைவரை இறங்க வேண்டும். அடித்தட்டுக்குக் கீழே வெற்றிடம் இருக்கும், அங்கேயும் ஒரு கட்டை வேண்டும். பெரும்பாலானோர் விடுவது இதைத்தான். விட்டால் மேலே உள்ள எல்லாச் சுமையும் அடித்தட்டின் நடுவில் போய் இறங்கும்.

முட்டு வைக்க இடமில்லை என்றால், தட்டின் அடியில் முன்ஓரமாக 20 × 40 மி.மீ. ரீப்பரை (மரச் சட்டத்தை) 40 பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி பொருத்துங்கள். தட்டின் விறைப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடும். அதே ரீப்பரைப் படுக்கப் போட்டால் ரீப்பரால் கிடைக்கும் விறைப்பு நான்கில் ஒரு பங்குதான். 3 மி.மீ. பிட்டால் ரீப்பரின் முழு உயரத்துக்கும் துளைத்து, பலகைக்குள் 8 மி.மீ.யோடு நிறுத்துங்கள். 15 செ.மீ.க்கு ஒன்றாக 4 × 50 ஸ்க்ரூ. வெள்ளைப் பசை வழவழப்பான லேமினேட்டில் பிடிக்காது. அங்கே ஸ்க்ரூவை நம்புங்கள், இல்லையென்றால் மேல்தோலைச் சுரண்டிவிட்டுப் பசை போடுங்கள்.

ஆணிகளுக்குப் பதில் இரு பக்கமும் தட்டின் ஆழத்துக்கு 20 மி.மீ. கனமுள்ள ரீப்பர், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்க்ரூ, நீளம் 30 மி.மீ. பக்கப் பலகை 16 மி.மீ. என்றால் 40 மி.மீ. ஸ்க்ரூ வெளியே எட்டிப் பார்த்துவிடும்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் துளை போடாமல் ஆளுயர அலமாரியில் பாட்டில் வைக்கலாமா?

பதில்: கூடாது. சுவரோடு பிணைக்காத அலமாரி கவிழலாம். துளையைப் பூசி அடைத்துவிடலாம்.

கேள்வி: பெட்டியில் "150 கிலோ தாங்கும்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. ஐந்து தட்டு. ஒரு தட்டில் 45 கிலோ வைத்தேன், ஆணி உடைந்துவிட்டது. கடையில் "நீங்கள் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள்" என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இந்த எண்ணின் மேல்தான். 150 என்பது ஐந்து தட்டுக்கும் சேர்த்து. வகுத்தால் தட்டுக்கு 30. அதுவும் எடை சமமாகப் பரவியிருந்தால், அலமாரி சுவரோடு பிணைக்கப்பட்டிருந்தால், தரை மட்டமாக இருந்தால். இந்த நிபந்தனைகள் எல்லாம் உள்ளே இருக்கும் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். பணம் கொடுத்து, பெட்டியைக் கிழித்த பிறகுதான் அது கண்ணில் படும். நானும் இப்படி ஒரு இரும்பு ரேக் வாங்கியிருக்கிறேன். மொத்த எடையைத் தட்டின் எடை என்று நினைத்தேன், இரண்டு தட்டு மடங்கிப் போனது.

இன்னும் மோசம், சில அலமாரிகளில் தட்டுக்கு இவ்வளவு என்று ஓர் எண் இருக்கும், மொத்தத்துக்கு, அதை ஐந்தால் பெருக்கினால் வருவதைவிடக் குறைவாக இன்னோர் எண் இருக்கும். ஐந்து தட்டையும் நிரப்பினால் மொத்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். கனம் எத்தனை மி.மீ. என்று எழுதுவதில்லை. "இன்ஜினியர்டு வுட்" என்று ஒரு பெயர். பார்ட்டிகிள் போர்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்.பும், பிளைவுட்டும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். மூன்றும் ஒரே சுமையைத் தாங்காது, விற்பவருக்கும் அது தெரியும். சில தட்டுகளுக்குள் தேன்கூடு மாதிரிக் காகிதம்தான் இருக்கும், நடுவில் ஸ்க்ரூ பிடிக்கவே பிடிக்காது. தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்று வெறுமையாகக் கேட்கும்.

வாங்கும் முன் நான்கு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: தட்டுக்கு எத்தனை கிலோ, மொத்தம் எத்தனை, பலகை என்ன வகை, கனம் எவ்வளவு. பதில் தராத இடத்தில் வாங்க வேண்டாம். உங்கள் விஷயத்தில், பெட்டியின் அந்தப் பக்கத்தையும் உடைந்த ஆணியையும் சேர்த்துப் படம் எடுத்து, தட்டுக்கான எடை வெளியில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள்.

கேள்வி: "முழு மரம்" என்று விளம்பரம். வந்தது பார்ட்டிகிள் போர்டு. அடியில் ரீப்பர் அடித்துச் சமாளிக்கலாமா?

பதில்: ஒரு ஸ்க்ரூகூடப் போடாதீர்கள். ஏமாற்றப்பட்டது நீங்கள், அதைச் சரிசெய்யும் செலவும் உங்கள் தலையில் ஏன்? துளை போட்டதும் "பொருளை மாற்றிவிட்டீர்கள்" என்று கைவிரித்துவிடுவார்கள். விளம்பரத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றினாலும் மாற்றுவார்கள். பலகையின் அறுத்த விளிம்பையும், கேம் லாக் (பலகைகளை இணைக்கும் திருகு பூட்டு) துளைக்குள் தெரியும் மரத்தூளையும் கிட்டத்தில் படம் எடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: மேனுவலைத் தொலைத்துவிட்டேன். முதுகுப் பலகை மெலிசாக இருந்ததால் அடிக்கவில்லை. மூன்று முறை கழற்றிப் பூட்டினேன். இப்போது பாட்டில் வைத்தால் அலமாரி பக்கவாட்டில் ஆடுகிறது. மட்டமான பொருளா?

பதில்: இதில் பொருளைக் குறை சொல்ல முடியாது. அந்த 3 மி.மீ. பலகைதான் செவ்வகம் இணைகரமாகச் சாயாமல் பிடித்து வைக்கிறது. அதை விட்டுவிட்டால் ஆடாமல் என்ன செய்யும்? கேம் லாக் அடிக்கடி கழற்றிப் பூட்ட ஏற்பட்டதல்ல, ஒவ்வொரு முறையும் துளை தளரும். பாட்டிலை இறக்குங்கள். பலகைகளை இணைக்கும் மரக் குச்சிகளுக்குப் பசை போட்டு ஒரேயடியாகப் பூட்டுங்கள், இனிக் கழற்றக் கூடாது. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் சமமானதும் 6 மி.மீ. பிளைவுட்டை முதுகில் வைத்து, 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, தட்டுகளிலும் சேர்த்து.

கேள்வி: கார்க் உள்ளவற்றைப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். பிரமிடு மாதிரி அடுக்கலாமா?

பதில்: கார்க் காயாமல் இருக்கப் படுக்க வைப்பது சரி. திருகு மூடி என்றால் நிறுத்தியே வைக்கலாம். ஆனால் குவித்து அடுக்கிய உருளைகள் கீழே மட்டும் அழுத்தாது, பக்கப் பலகைகளை வெளியேயும் தள்ளும். பலகை 2 மி.மீ. விரிந்தாலே ஆணிமேல் தட்டின் பிடி குறைந்துவிடும். எக்ஸ் வடிவத் தடுப்புப் போட்டாலும் இதே தள்ளல்தான். பாட்டில் அடுக்கும் தட்டை இரு பக்கப் பலகையோடும் ஸ்க்ரூ போட்டுக் கட்டிவிட்டு அடுக்குங்கள், இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அலமாரியைச் சுவரோடு பிணைக்கச் சுவரில் 6 மி.மீ. பிளக் போட்டேன், கையோடு வந்துவிட்டது.

பதில்: பிளக் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. 8 மி.மீ. பிட்டால் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 5 செ.மீ. போகும்வரை துளையுங்கள். துளையிலிருந்து வரும் தூளின் நிறம் மாறும்போது பூச்சு முடிந்தது என்று தெரியும். செங்கல் இணைப்பில் விழுந்தால் 5 செ.மீ. தள்ளி வேறு துளை. தூளை ஊதி எடுத்துவிட்டு நீளமான பிளக், 5 மி.மீ. ஸ்க்ரூ, மேல் தட்டுக்கு அடியில் இரண்டு எல் ஆங்கிள். ஜிப்சம் சுவர் என்றால் உள்ளே நிற்கும் சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில்தான் ஸ்க்ரூ போட வேண்டும்.