ரிவெர்பரேஷன் என்ற சொல் எங்கிருந்து வந்தது? எக்கோவும் அதுவும் ஒன்றா?

ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. புதுசா சவுண்டு மிக்ஸர் வாங்கி, அதுல இந்த ரெண்டு சொல்லையும் பார்த்துட்டுக் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். நான் கேரளா-தமிழ்நாடு எல்லையில இருக்கற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடறவன். அகராதியில பார்த்த லத்தீன்தான் எனக்குத் தெரியும், பண்டிதருங்க சண்டைக்கு வராதீங்க.

லத்தீன்ல 'வெர்பெர்'னா சாட்டை, 'வெர்பெராரே'ன்னா அதால அடிக்கிறது. முன்னால 'ரெ' சேர்ந்தா திருப்பி அடிக்கிறது. சத்தத்துக்கு மட்டுமில்ல, வெப்பத்துக்கும் இதே சொல்தான். ரிவெர்பரேட்டரி உலையில அனல் மேல்கூரையில பட்டுத் திரும்பி உலோகத்து மேல இறங்கும். எக்கோ கிரேக்கச் சொல். அடுத்தவங்க பேச்சோட கடைசியை மட்டும் திருப்பிச் சொல்லச் சபிக்கப்பட்ட ஒரு வனதேவதை பேரு அது.

சுமார் 17 மீட்டர் தள்ளி ஒரு பாறை இருந்தா, கூப்பிட்ட குரல் தனியாத் திரும்பி வரும். அது எக்கோ. மண்டபத்துக்குள்ள சுவர், தரை, கூரைன்னு எல்லாப் பக்கமும் பட்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து குழம்பறதுதான் ரிவெர்பரேஷன். நாங்க "மண்டபம் முழங்குது"ன்னு சொல்லுவோம்.

போன தை மாசம் ஒரு கல்யாணம். புது மண்டபம், தரையெல்லாம் கிரானைட், மூணு பக்கம் கண்ணாடி, ஒரு திரைச்சீலை கிடையாது. வரவேற்புரை ஆரம்பிச்சதும் ஒரு வார்த்தை விளங்கல. "சவுண்டு கூட்டுய்யா"ன்னு மாப்பிள்ளையோட மாமா கத்தறாரு. கூட்டினா முழக்கமும் சேர்ந்து கூடும்ங்க! குறைச்சு வெச்சு, பின்வரிசைக்குத் தனியா ரெண்டு பாக்ஸ் போட்டேன். பந்தி முடிஞ்சு எல்லாரும் உள்ள வந்து உக்காந்ததும் பாதி சரியாச்சு, மனுசங்க உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சுமே. ஹார்வர்டுல சபைன்னு ஒரு பேராசிரியர் 1895-லயே இதைக் கையில எடுத்தாரு. பேச்சு விளங்காத ஒரு அரங்கத்துல ராத்திரி ராத்திரியா நாற்காலி மெத்தைகளைக் கொண்டுபோய்ப் போட்டு, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கற நேரத்தை அளந்தாரு. அந்த மாமாகிட்ட இதைச் சொன்னா "செட்டு பழசு"ங்கறாரு. வாடகையில பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தாங்க. கண்ணாடி மாட்டினவனுக்கு முழுக்காசு.

இன்னொண்ணு. பொள்ளாச்சிப் பக்கம் போனா நாங்க 'மலையாள செட்டு', பாலக்காட்டுக்குப் போனா 'பாண்டி செட்டு'. ரெண்டு பக்கமும் பேரம் மட்டும் ஒரே மாதிரி அடிக்கறாங்க. கேள்விக்குச் சம்பந்தமில்லதான், ஆனா எங்க போய்ச் சொல்றது?