லோடர் சிக்குகிறது, விற்றவர் கடற்காற்றைச் சாட்டுகிறார்

கேள்வி: நிலாவெளியில் உல்லாசப் பயணிகளுக்குப் பெயின்ட்போல் மைதானம் நடத்துகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் கொழும்பு வியாபாரி ஒருவரிடம் பற்றரி லோடர்கள் (துப்பாக்கிக்குள் சாயக் குண்டுகளை இறக்கும் கொள்கலன்கள்) வாங்கினேன். வாடகை மைதானத்துக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். "எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் சிக்காது" என்று வட்ஸ்அப்பில் பதில் போட்டார். இப்போது ஆட்டத்தின் நடுவில் சிக்கி, குண்டுகள் உள்ளேயே உடைகின்றன. கடற்காற்றில் குண்டு ஊதிவிட்டதாம். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி உண்டு. ஆனால் அவருடைய கடற்காற்று வாதத்தை லேசாக எடுக்க வேண்டாம். குண்டின் ஓடு ஜெலட்டின். ஈரத்தை இழுத்து ஊதும், நல்ல லோடரையும் அடைக்கும்.

ஆகவே முதலில் குண்டையும் லோடரையும் பிரித்துக் காட்டுங்கள். வெளியாள் ஒருவர் முன்னிலையில் புதுப் பெட்டி ஒன்றை உடையுங்கள். சில குண்டுகளை வேர்ணியர் இடுக்கிமானியால் இரு பக்கமாகவும் அளந்து பாருங்கள்; 0.68 அங்குலக் குண்டு சுமார் 17.3 மில்லிமீற்றர் இருக்கும். லோடரைக் கழுவித் துடைத்து, புதுப் பற்றரி போட்டுச் சுடுங்கள். முழுவதையும் வீடியோ எடுங்கள். அப்போதும் சிக்கினால் கடற்காற்று வாதம் பெரிதும் அடிபட்டுப் போகும்.

இன்னொன்று: எந்த வகை லோடர் என்று பாருங்கள். ஒரு வகை, துடுப்பால் குண்டுகளைக் கிளறிவிடும். கீழே இறக்குவது புவியீர்ப்புதான், வேகத்துக்கு எல்லை உண்டு. மற்றது, சுருள்வில் விசையோடு குண்டுகளை மார்க்கரின் (துப்பாக்கியின்) கழுத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் வகையைக் கொடுத்துவிட்டு "எவ்வளவு வேகமாகச் சுட்டாலும்" என்று வாக்குக் கொடுத்திருந்தால், அந்தச் செய்தியே உங்கள் பலமான சான்று. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் செய்தி என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. போனை மாற்றினாலும் உரையாடலை அழிக்காதீர்கள்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நீங்களாகவே வர்த்தகப் பெயரைச் சொல்லி அதுதான் வேண்டும் என்று கேட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு குறையும். உரையாடலை மறுபடி வாசியுங்கள்.

லோடர்களை இன்றே பாவனையிலிருந்து எடுங்கள். வாடகைக்கு விட்டுக்கொண்டே நிராகரித்தேன் என்று சொன்னால் எடுபடாது. நிராகரிக்கிறேன், பணம் தாருங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு ஒரு மாதந்தான் மீதி. விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ அவர்கள் உத்தரவிடலாம். பற்றுச்சீட்டுப் பிரதியை மறக்காமல் இணையுங்கள். மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும்.