வாடகைக்கு விட்ட வீட்டில் மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜிங் வசதி செய்ய வீட்டுக்காரருக்கு அரசு மானியம் உண்டா?

நேராகச் சொல்லிவிடுகிறேன், தமிழ்நாட்டில் வீட்டுக்காரருக்கென்று அப்படி ஒரு மானியம் இல்லை. இங்கிலாந்தில் உண்டு. 2022 ஏப்ரலில் தொடங்கியபோது, வாடகை வீட்டில் சார்ஜர் வைக்கும் உரிமையாளருக்குச் செலவில் 75 சதவீதம், ஒரு இணைப்புக்கு அதிகபட்சம் 350 பவுண்டு என்று வைத்தார்கள். டெல்லியிலும் 2020 மின்வாகனக் கொள்கையில் முதல் 30,000 இணைப்புகளுக்குத் தலா 6,000 ரூபாய் வரை என்றார்கள். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு ஒதுக்கிய 2,000 கோடியும் பொது நிலையங்களுக்குத்தான். கும்பகோணத்தில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டோம்.

நீங்களும் சின்ன வீட்டுக்காரர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாடியில் இருக்கும் தம்பி ஆடுதுறைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். டிவிஎஸ் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். ராத்திரி மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு சார்ஜ் போடுவார். ஐப்பசி மழையில் அந்த ஒயர் ஜன்னல் கம்பியில் உரசிக்கொண்டு நனைந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கீழே பேரப்பிள்ளைகள் ஓடுகிற இடம்.

"தம்பி, இது வேண்டாம்ப்பா" என்றேன்.

"வேற வழி இல்லம்மா. செலவு நான் பண்ணிக்கிறேன், வாசல்ல ஒரு பிளக் வைக்க விடுங்க" என்றார்.

செலவை நான்தான் செய்தேன். அவர் நாளைக்குக் காலி செய்தாலும் லைன் வீட்டோடுதானே இருக்கப்போகிறது. அதற்காக வாடகையை ஏற்றவும் இல்லை. "வீடு வைத்திருப்பவனுக்கு எதற்கு மானியம்?" என்று கேட்க இங்கே நாலு பேர் வருவார்கள், தெரியும். பெட்ரோல் மிச்சமாவது குடியிருப்பவருக்கு, சுவரை உடைத்து வேலை செய்வது நான். குடும்ப பென்ஷனும் இந்த வாடகையும்தான் என் வருமானம். செய்ய முடியாது என்று நான் சொல்லியிருந்தால் அவர் வண்டியை விற்க வேண்டும், இல்லை வேறு வீடு பார்க்க வேண்டும்.

ஸ்கூட்டருக்குப் பெரிய சார்ஜர் பெட்டி எதுவும் தேவையில்லை, வண்டியோடு வருவதே போதும். வேண்டியது ஒரு 15 ஆம்ப்ஸ் பிளக், மீட்டர் போர்டிலிருந்து நேராக வரும் தடித்த செம்பு ஒயர், லோடு கூடினால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச் அதற்கென்று தனியாக, ஷாக் அடித்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, நல்ல எர்த். எங்கள் வீட்டில் எர்த் என்பது கொல்லையில் எந்தக் காலத்திலோ அடித்த இரும்புக் குழாய், துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. ஒயர்மேன் புதுக் குழி போட்டார், பாதிச் செலவு அதற்கே போனது. பழைய வீடுகளில் இந்த எர்த்துக்கும் ஒயரிங்குக்கும் அரசு ஒரு பங்கு கொடுத்தாலே போதும் என்பதுதான் என் கோரிக்கை.

பிளக்கை நெஞ்சு உயரத்தில் வைத்தோம், காரணம் தெரு. ரோடு மேல் ரோடாகப் போட்டு என் வாசற்படிகளில் இரண்டு தெருவுக்குள் புதைந்துவிட்டன. ஒரு மணி நேரம் மழை அடித்தால் ரேழி வரை தண்ணீர். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். எங்கள் தெருவுக்கு வந்த ஒப்பந்தக்காரர் காதில் அது விழவில்லை. என் மாமனார் கட்டிய திண்ணை இப்போது தெருவுக்குச் சமமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் மின் இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டார்கள். மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் அதிலிருந்தே லைன் எடுங்கள், பில் அவருடையதாகிவிடும், சண்டை இல்லை. ஒரே மீட்டர் என்றால் சப் மீட்டர் மாட்டுங்கள். எங்கள் மாடித் தம்பியின் 3 கிலோவாட் ஹவர் பேட்டரி முழுதாக ஏற மூன்றரை யூனிட் ஆகும். இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முன்னால் ஓடிய யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும், யூனிட்டுக்கு எவ்வளவு என்று பேசும்போது அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது லைன் யாருக்கு என்பதையும் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.