தேன் இருக்கட்டும், மலம் ஏன் கருப்பாகப் போகிறது?

வயிற்று எரிச்சலுக்கு வெந்நீரில் தேன் குடிக்கலாமா, சூட்டில் தேன் விஷமாகுமா, சுத்தமான தேனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பக்கத்துக்குக் கேட்டுவிட்டு, அண்ணன் இரைப்பைப் புற்றுநோயில் இறந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் 'நாலு நாளாக மலம் தார் மாதிரி போகிறது, தேன் சூடு என்பதாலா?' என்கிறீர்கள். சார், உங்கள் கேள்வியே அதுதான்.

இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாளைக்கு ஓ.பி. பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி, மூன்று மாதமாகத் தினம் இரண்டு டைக்ளோஃபெனாக், அதுவும் பாதி நாள் வெறும் வயிற்றில்! இரைப்பையின் உள்சுவருக்கு இருக்கும் பாதுகாப்பை அந்த மாத்திரை குறைத்துவிடும்; அமிலம் அரித்துப் புண்ணாகும், புண்ணிலிருந்து ரத்தம் கசியும். அந்த ரத்தம் குடல் வழியே இறங்கும்போது கருத்து, பளபளவென்று, பிசுபிசுப்பாக, ஒரு தனி நாற்றத்தோடு வரும், ஃப்ளஷ் இழுத்தாலும் கோப்பையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 50 முதல் 100 மில்லி கசிந்தாலே இப்படி ஆகலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், ஆனால் இந்தப் பிசுபிசுப்பு இருக்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசுக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்; ரத்தம் குறைந்ததாலும் அது இருக்கலாம். ஹீமோகுளோபின் பார்த்தால் தெரிந்துவிடும்.

புற்றுநோயா? மாத்திரையால் வந்த புண்ணுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் 54 வயது, அண்ணன் வேறு அப்படிப் போயிருக்கிறார், அதனால் ஊகமெல்லாம் வேண்டாம், வாய் வழியே கேமராக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி பார்த்துவிடலாம். கசிவு இருந்தால் அதிலேயே அடைப்பார்கள், சந்தேகமான இடத்தில் சதைத் துணுக்கு எடுப்பார்கள், இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சரி, தேன். அதில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். ஆய்வுக்கூடத் தட்டில் அந்தக் கிருமியை அது அடக்குகிறது, உண்மை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்துக் குடிப்பவர் வயிற்றில் அது கிருமியை ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்தான், பெரும்பாலும் 14 நாள். வெந்நீரில் தேன் விஷமாகாது. சுத்தமான தேனா என்று பார்க்க, தீக்குச்சியைத் தேனில் தோய்த்துக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டுவிடுவது எல்லாம் வீடியோக்காரர்கள் பிழைப்பு, கெட்டியான சர்க்கரைப் பாகும் அதில் பாஸாகிவிடும். புண் ஆறியபின், சர்க்கரை நோய் இல்லையென்றால், ருசிக்கு ஒரு ஸ்பூன் சாப்பிடுங்கள்.

டைக்ளோஃபெனாக் இனி வேண்டாம். அந்த அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். அப்புறம், கிளம்பும்போது தேன் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாதீர்கள், எண்டோஸ்கோபிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.