டோல்கேட் பூத்திலிருந்து ஆரம்பிப்போம்

ஐயா,

மெஷின் வந்தாலும் வேலை போகாத படிப்பு எது, மகனை அதில் சேர்க்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு படிப்பு இருந்தால் என் பையனை முதலில் சேர்த்திருப்பேன்! படிப்பின் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் பார்த்து இழந்த, டோல்கேட்டில் பணம் வாங்கும் வேலையிலிருந்தே பேசுவோம்.

2021 பிப்ரவரி நடுவில் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அப்போது டேக் இல்லாத வண்டிக்கு இரட்டைக் கட்டணம் என்றார்கள். கொரோனாவில் தொழில்கள் படுத்துக் கிடந்த அதே சமயத்தில் இதுவும் வந்ததால் வேறு இடத்திலும் உங்களுக்கு வேலை கிடைக்கவில்லை. மந்த காலத்தில் முதலாளி ஆளைக் குறைப்பார். வியாபாரம் நிமிரும்போது அதே ஆளைக் கூப்பிடாமல் மெஷினை வாங்கி வைப்பார். அமெரிக்காவில் 1991, 2001, 2009 மந்தங்கள் முடிந்த பிறகும் உற்பத்திதான் முதலில் மீண்டது. வேலைகள் மீள வெகுகாலம் ஆனது.

சரி, இன்று டோல்கேட்டில் யார் மிச்சம்? டேக் ரீட் ஆகாத வண்டியிடம் ஸ்கேனரோடு ஓடுகிறவர். அப்புறம் சென்சாரோ கேமராவோ மக்கர் செய்தால் வருகிற டெக்னீஷியன். முன்னதை ஒரே நாளில் யாரும் கற்றுக்கொள்ளலாம், அதனால் சம்பளம் ஏறாது. பின்னதற்கு ஆள் தேட வேண்டும், சம்பளத்தைப் பேசி வாங்கலாம். கை சுத்தமும் கணக்கும் தேவைப்பட்ட உங்கள் நடு வேலைதான் காணாமல் போனது. வங்கி, குடோன், ஆபீஸ் எங்கும் இதே கதை.

உங்கள் மகன் பிளஸ் டூவில் மேத்ஸ் குரூப் என்பதால், அந்த டெக்னீஷியன் வேலைக்குப் போக பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். சென்சார், அளவுக் கருவிகளைப் பற்றிய இன்ஸ்ட்ருமெண்டேஷன் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ். பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு. காலேஜ் பார்க்கப் போகும்போது வாசல் பேனரில் உள்ள பிளேஸ்மெண்ட் போட்டோக்களில் மயங்காதீர்கள். லேபுக்குள் போய் பி.எல்.சி. கிட் (மெஷின்களை இயக்கும் சிறு கம்ப்யூட்டரில் பழகும் கருவி) எத்தனை, மாணவர் கைபட்டதா, தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘ஏ.ஐ.’ என்று பெயர் ஒட்டி மூன்று மடங்கு பீஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை, நீங்கள் ஒரே வரியில் சொல்லி முடித்த உங்கள் மகளைப் பற்றித்தான். 2020-ல் பி.காம். முடித்து, கிடைத்த சம்பளத்துக்கு பில்லிங் என்ட்ரியில் உட்கார்ந்தவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். மந்தத்தில் வேலைக்குச் சேர்ந்த பட்டதாரிகளின் சம்பளம் மற்றவர்களை எட்டிப்பிடிக்கக் கிட்டத்தட்ட 10 வருடம் ஆனதைக் கனடாவில் ஓர் ஆய்வு காட்டியது. சீக்கிரம் மீண்டவர்களில் பலர் நல்ல கம்பெனிக்கு மாறியவர்கள். ‘ஒரே இடத்தில் நிலையாக இரு’ என்று அவரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். என்ட்ரி போடுவதை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஜிஎஸ்டி கணக்கு ஏன் இடிக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்கு அவர் நகர வேண்டும்.

அடுத்த முறை இருவரையும் கூட்டி வாருங்கள். மகளிடம் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.