பிரஷ் படும் பாடு: வாசகர் கேள்வி, நம் பதில்

என் மகள் அக்ரிலிக்கில் வரைகிறாள். வாங்கின இரண்டே மாதத்தில் பிரஷ் எல்லாம் துடைப்பம் மாதிரி விரிந்துவிடுகிறது. மட்டமான சரக்கா? – வாசகி, திருச்சி

சரக்கின் மேல் பழி போடாதீர்கள். முடியையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்கிறதே ஓர் உலோக வளையம், அதற்குள் பெயின்ட் புகுந்திருக்கிறது. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக்தான், அப்புறம் தண்ணீருக்கு மசியாது. முடியின் வேரில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி உள்ளேயிருந்து நெம்பும்போது நுனி விரியாமல் என்ன செய்யும்? முடியின் பாதி உயரத்துக்கு மேல் பெயின்ட் ஏறவே கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள்.

வரையும்போது இடையில் பிரஷ்ஷைக் காயவிடவும் கூடாது, டம்ளர் தண்ணீரில் தலைகீழாக நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது. நுனி வளைந்துவிடும், தண்ணீர் ஏறி மரம் உப்பும், வார்னிஷ் உரியும், பசை விட்டு வளையம் ஆட ஆரம்பிக்கும். ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, முடி மட்டும் நனைகிற மாதிரி படுக்கவைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து அதில் பிரஷ்ஷை மெதுவாகச் சுழற்ற வேண்டும். வெந்நீர் வேண்டாம். நுரை வெள்ளையாக வந்தவுடன் முடிந்தது என்று நினைக்கிறோம். வளையத்தை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், ஒளிந்திருந்த நீலமோ சிவப்போ கசியும். அது நிற்கும்வரை திரும்பத் திரும்ப. பிறகு நுனியை விரலால் கூராக்கி (வாயில் வைத்து அல்ல, சில நிறங்களில் காட்மியம் என்கிற நச்சு உலோகம் இருக்கிறது) படுக்கவைத்தே காயவிடுங்கள். காய்ந்த பிறகு குவளையில் நிமிர்த்தி வைக்கலாம்.

வாட்டர்கலருக்குக் கீரி முடி பிரஷ்தான் உசத்தி, கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகர், சேலம்

உள்ளேயிருந்து எடுக்க வேண்டிய சரக்கு என்றாலே புரிய வேண்டாமா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரிக்கும் பாதுகாப்பு உண்டு. அதன் முடியில் செய்த பிரஷ்ஷை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட் பிரஷ் தொழிலுக்குப் பேர்போன ஊர். 2019இல் அங்கு உட்படப் பல இடங்களில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு சோதனை நடத்திக் கீரி முடி பிரஷ்களை மூட்டை மூட்டையாகப் பிடித்தது. ஒரு கீரியிடம் கிடைக்கிற நல்ல முடி கொஞ்சம்தான், மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உலகம் கொண்டாடுகிற வாட்டர்கலர் பிரஷ் கொலின்ஸ்கி. சைபீரிய மரநாய் வகை ஒன்றின் வால் முடி. விக்டோரியா ராணிக்காக 1866இல் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற ஆங்கிலேயக் கம்பெனி செய்துகொடுத்த ‘சீரீஸ் 7’ அந்த முடியில்தான் இன்றும் வருகிறது. விலை கண்ணைக் கட்டும். என்னைக் கேட்டால் நல்ல சிந்தெடிக் ரவுண்ட் பிரஷ் இரண்டும் பட்டையானது ஒன்றும் போதும். பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட்டில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். கடையில் நுனி விறைப்பாக இருப்பதை நம்பாதீர்கள், அது பசை. தண்ணீர் கேட்டு அதைக் கரைத்துவிட்டு ஓர் உதறு உதறினால் நல்ல ரவுண்ட் பிரஷ் தானாகக் கூராகும். தண்ணீர் தர யோசிக்கும் கடையில் விலையுயர்ந்த பிரஷ் வாங்க வேண்டாம்.

காய்ந்து கல்லாகிப் போன அக்ரிலிக் பிரஷ்ஷை மீட்க முடியுமா? – வாசகி, நாகர்கோவில்

சில சமயம். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் முடியை மட்டும் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் வேரிலிருந்து நுனி நோக்கிச் சீவி, சோப்பில் கழுவுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் கைப்பிடி வார்னிஷையும் சேர்த்துத் தின்றுவிடும். வரவில்லையா, புல்லும் மரப்பட்டையும் வரைய அந்தக் கரடு முரடு முடி நன்றாகவே உதவும்.

ஆயில் பெயின்ட் பிரஷ்ஷை ராத்திரி முழுக்க டர்பண்டைனில் போட்டு வைக்கிறேன். சரிதானா? – வாசகர், மதுரை

இல்லை. முதலில் துணியில் அழுத்தித் துடைத்தால் முக்கால்வாசி பெயின்ட் போய்விடும். மீதிக்கு டர்பண்டைனில் ஓர் அலசல், அப்புறம் சோப்பு. ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆளி விதை எண்ணெய் ஊறின துடைப்புத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காய்கிறபோது சூடு கிளம்பும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

ஒரு கம்பெனியின் 6ஆம் நம்பர் இன்னொரு கம்பெனியின் 8 அளவுக்கு இருக்கிறதே? – வாசகர், ஈரோடு

இருக்கும். எல்லாருக்கும் பொதுவான அளவு கிடையாது, ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஆன்லைனில் வாங்கினால் நம்பரை விட்டுவிட்டு, முடியின் அகலமும் நீளமும் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள்.